பட்டன் பெட்டி வாங்க வந்தவர்கள்

இசைக்கருவிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இசை என்றால் உயிர் என்று பதுளையில் யாரோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சேலைக் கடையில் நிற்கிறவளைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்வதில்லை. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து சாயந்தரம் அதை இறக்கும் வரை, வருகிறவர் எல்லாம் ஏதாவது ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும், அதையும் பிழையாக, வாசித்துவிட்டுப் போகிற இடத்தில் ஒரு வாரம் நின்று பாருங்கள். வீட்டுக்குப் போனதும் நான் சொல்லும் முதல் வார்த்தை "டீவியை நிறுத்து" என்பதுதான். மருந்துக் கடையோ, செருப்புக் கடையோ, பாத்திரக் கடையோ, எதிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. முதலாளி ஒரு ஹாஜியார், மெக்கானிக்கும் அவரே. விற்பது, தூசி தட்டுவது, பில் போடுவது, சண்டைக்கு வருகிறவர்களைத் தேநீர் கொடுத்து உட்கார வைப்பது எல்லாம் நான். போன வருஷம் ஹாஜியார் கொழும்புக்குப் போய், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வாத்தியங்களை மொத்தமாக எடுத்துவந்தார். நரம்பில்லாத கிட்டார்கள், பல் விழுந்த கீபோர்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று சின்ன அக்கோடியன்கள் கிடந்தன, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. நாம் பார்த்துப் பழகிய அக்கோடியனில் இருக்கிற வெள்ளை, கறுப்புக் கட்டைகள் இவற்றில் இல்லை. வெறும் வட்டப் பட்டன்கள்தான். நான் பட்டன் பெட்டி என்று பெயர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. கட்டை வைத்த அக்கோடியன் வாங்குகிற காசுக்கு ஒரு பசுமாடு வாங்கலாம். பட்டன் பெட்டி அப்படியில்லை, கோழி வாங்குகிறவர்கள்கூட விலை கேட்கலாம். அதனால் கேட்டார்கள். அந்த மூன்று பெட்டிகளோடு நான் பட்ட பாடுதான் இது.

இழுத்தால் ஒன்று, அமுக்கினால் ஒன்று

முதலில் வந்தவர் ஹாலிஎலப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கிற சேர். பள்ளிக்கூட பேண்டுக்கு மலிவாக ஏதாவது வேண்டும் என்றார். நீலப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பட்டனில் விரலை வைத்துப் பெட்டியை இழுத்தார். ஒரு சத்தம் வந்தது. விரலை எடுக்காமலே பெட்டியை அமுக்கினார். வேறு சத்தம் வந்தது. அரிசியில் கல்லைக் கண்டுபிடித்தவர் போல என்னை நிமிர்ந்து பார்த்து, "மிஸ், இது பழுது" என்றார்.

பழுதில்லை சேர், இதன் பிறவிக் குணமே அதுதான் என்று சொன்னேன். மவுத் ஓர்கனில் ஊதினால் ஒரு சுரமும் உறிஞ்சினால் இன்னொரு சுரமும் வருகிறதல்லவா, அதே வேலையைக் கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பட்டன் இரண்டு சுரத்தைப் பார்த்துக்கொள்வதால் பட்டன் பாதி மிச்சம், அதனால்தான் விலையும் மலிவு. சேர் நிதானமாகக் கேட்டார். இரண்டு முறை இழுத்தார், இரண்டு முறை அமுக்கினார். பிறகு பெட்டியை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "ஒரே கேள்விக்கு வரும்போது ஒரு பதில், போகும்போது ஒரு பதில் சொல்ற ஆள் எங்க ஸ்கூல்ல ஏற்கெனவே ஒருத்தர் ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்காருங்க மிஸ். ரெண்டாவது ஒண்ணைத் தாங்க மாட்டோம்."

அழுகைப் பாட்டு வராது

பண்டாரவளையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் கணவருக்கு ஏதாவது வாத்தியம் வாங்கித் தர வேண்டுமாம். மனுஷன் காலையிலிருந்து இரவு வரை பழைய சோகப் பாட்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறாராம். சாமான் விற்கிறவளுக்கு உண்மை சொல்லும் கெட்ட பழக்கம் இருக்கக் கூடாது, எனக்கு இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் கலகலப்பான சுரங்கள் மட்டும்தான், அழுகைப் பாட்டுக்கு வேண்டிய நெளிவு சுளிவு சுரங்கள் இதில் கிடையாது, அவர் பாடுகிற பாட்டு ஒன்றும் இதில் ஒழுங்காக வராது என்று சொல்லிவிட்டேன். ஹாஜியார் உள்ளேயிருந்து இருமினார். அந்த அம்மா பையைத் திறந்தபடியே சொன்னார்: "அப்படியா? அப்ப இதையே கட்டிக் குடுங்க. கலியாணம் கட்டுன நாள்லேருந்து அந்த மனுசன் அழுததைக் கேட்டாச்சு."

நீலப் பெட்டி அப்படித்தான் போனது.

தலையில் மாட்டிய பெட்டி

கார்த்திகை மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவர் பழனியாண்டி. அங்கே தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மார்கழி பஜனையை நடத்துகிறவர். மார்கழி முழுக்க விடியுமுன் எழுந்து, ஆர்மோனியத்தைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, வாசித்துப் பாடிக்கொண்டே தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். டோலக்கும் ஜால்ராவும் கூடப் போகும். பெண்கள் விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். மனைவி சிவகாமி அப்படி விளக்குப் பிடிக்கிறவர், மற்ற நாட்களில் கொழுந்து பறிக்கிறவர்.

கோயில் பெட்டிக்குள் இருந்த ஆர்மோனியத்தை எலி தின்றுவிட்டது. புதிது வாங்கலாம் என்றாலும், கழுத்தில் இனிப் பாரம் தொங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயில் கமிட்டியில் அதற்குள் ஒரு யோசனை பிறந்திருக்கிறது. கூரையில் ஸ்பீக்கரைக் கட்டி ஃபோனில் பாட்டுப் போட்டால் எல்லா லயத்துக்கும் கேட்கும், யாரும் குளிரில் நடக்க வேண்டியதில்லை. பழனியாண்டி தலையிலடித்துக்கொள்ளாத குறையாக என்னிடம் சொன்னார்: "மார்கழி மொத நாள் பெட்டி இல்லன்னா ஸ்பீக்கர் ஏறிடும் தங்கச்சி. ஒருக்கா ஏறிடுச்சுன்னா அது எறங்காது." லயத்துக்கு லயம் சேர்த்த காசு கையில் இருந்தது. அது கட்டை வைத்த அக்கோடியனுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. பட்டன் பெட்டி ஒன்றுக்குப் போதும்.

எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். பட்டன் எதையும் தொடாமல் இழுத்துப் பாருங்கள், பெட்டி லேசாக விரிந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. எல்லாப் பட்டனையும் இழுத்தும் பாருங்கள், அமுக்கியும் பாருங்கள். மோந்து பாருங்கள், பூஞ்சண வாடை அடித்தால் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது சுருதி. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையிலிருந்து பாட்டைத் தொடங்குகிறோமோ அதை வைத்து ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சுருதியைச் சொல்வார்கள். கட்டை ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். ஆர்மோனியத்தில் பாடுகிறவருக்கு ஏற்றபடி கட்டையை மாற்றிக்கொள்ளலாம். பட்டன் பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. பிறந்த கட்டையோடுதான் கடைசி வரை இருக்கும். மிச்சமிருந்த இரண்டில் கறுப்பு இரண்டு கட்டை, சிவப்பு ஐந்து கட்டை. "ரெண்டு வரி பாடிப் பாருங்க அண்ணே, எது ஒத்துப்போகுதுன்னு தெரிஞ்சிரும்" என்றேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "செருப்புக் காலோட சாமி பாட்டா? அதுவும் கடையிலயா?" சரி, ஒரு சினிமாப் பாட்டுப் பாடுங்கள் என்றேன். கோயிலுக்குப் பெட்டி எடுக்க வந்த நாளில் சினிமாப் பாட்டு ஆகாதாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு பெட்டியிலும் விரலை மட்டும் ஓட்டினார். கடையில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், சில பேருக்கு ஒன்றைச் சொல்லலாம், புரிய வைக்க முடியாது.

அதுவரை வாசலில் குடையோடு நின்ற சிவகாமி உள்ளே வந்தார். கறுப்புப் பெட்டியைத் தூக்கி, அதன் வாரைக் கொழுந்துக் கூடைக் கயிற்றைப் போலத் தலையில் மாட்டி, பெட்டியை முதுகில் விட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு சிவப்பை மாட்டி நடந்தார். "கறுப்பு ஏத்தத்துல பின்னால இழுக்கும். செவப்பு லேசா இருக்கு, செவப்பையே எடுங்க" என்றார். "நீ பெட்டி எடுக்க வந்தியா, கொழுந்து நிறுக்க வந்தியா?" என்று பழனியாண்டி சீறினார். சிவகாமி பெட்டியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கழுத்து ஒங்களோடதுதான். தெனமும் தைலம் தேய்க்கிற கை என்னோடது."

யானைக்கு ஒன்று

சிவப்பு ஸ்பிரிங்வெளிக்குப் போன அந்த வாரமே, மொனராகலையில் கரும்பு போட்டிருக்கிற ஒருவர் வந்தார். சந்தையிலிருந்து வந்தவர் போல எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். "இருக்கிறதுலயே தூரத்துக்குக் கேக்குறது எதுங்க?" என்று கேட்டார். எதற்கு என்றேன். யானை விரட்டவாம். வெடி கொளுத்திக் கொளுத்திக் கை சுட்டதுதான் மிச்சமாம். யானைக்குப் பழகாத ஒரு சத்தமாக வேண்டுமாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இது பாட்டு வாசிக்கிற சாமான், விரட்டுகிற சாமான் இல்லை, கரும்புக் காட்டுத் தூசியிலும் பனியிலும் கெட்டுப்போகும் என்று எவ்வளவோ சொன்னேன். ஹாஜியார் உள்ளேயிருந்து வந்து கறுப்புப் பெட்டியை எடுத்து ஒரு இழு இழுத்தார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரும்புக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கடைசி முயற்சியாகக் கேட்டேன். "தெரியாது தங்கச்சி. தெரிஞ்சவன் வாசிச்சா யானை ஓடுமா?"

சந்தனப் பொட்டு

மார்கழி பிறக்கச் சில நாள் இருக்கும்போது பழனியாண்டியும் சிவகாமியும் மறுபடி வந்தார்கள். சிவப்புப் பெட்டியை வெள்ளை வேட்டியில் சுற்றி, பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார் பழனியாண்டி. "பூசை போட்டோம் தங்கச்சி. பூசைக்கு அப்பறம் சத்தமே வரல" என்றார். முகம் வெளுத்திருந்தது. சாமி குற்றமாக இருக்குமோ என்று பயந்திருக்கிறார்.

வேட்டியைப் பிரித்தோம். வாகனமோ, தையல் மெஷினோ, புதிதாக எது வந்தாலும் நம் ஆட்கள் சந்தனம், குங்குமம் வைக்காமல் விடுவதில்லை. ஆர்மோனியத்தில் அதற்கு மேல்பலகை இருந்தது. இதில் வட்ட வட்டமாக, பொட்டு வைக்கவே செய்தது போலப் பட்டன்கள்! பூசாரி ஒன்றையும் விடாமல் எல்லாவற்றிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்திருக்கிறார். சந்தனம் வழிந்து இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டன்கள் அமுக்க முடியாதபடி உறைந்துபோயிருந்தன. அதோடு விடவில்லை. உள்ளேயும் சுத்தமாகட்டும் என்று சாம்பிராணித் தட்டுக்கு மேலே பெட்டியைப் பிடித்து விரித்துப் புகையை உறிஞ்ச வைத்திருக்கிறார்கள். ஹாஜியார் பெட்டியைக் கழற்றியபோது கடையே கோயிலாகிவிட்டது.

ஈர்க்குச்சியும் துணியும் வைத்துக்கொண்டு அவர் மத்தியானம் வரை சுரண்டினார். பழனியாண்டி பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசிப் பட்டனும் அமுங்கி எழும்பியதும் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பொட்டு வெக்க இந்தப் பெட்டியில மேல கீழ எவ்ளோ எடம் ஈக்கி. தேடித் தேடிச் சுரத்துக்கு மேலயா வெச்சீங்க?"

செருப்பைக் கழற்றிப் பாடியது

"பாடிப் பாக்காம இந்தத் தரம் கொண்டு போக வாணாம்" என்று ஹாஜியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவ்வளவு நேரம் சுரண்டியவர் சொல்லும்போது பழனியாண்டியால் மறுக்க முடியவில்லை. வாசல்படியில் செருப்பை விட்டார். குழாயில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். குரல் ஒரு பக்கம் போனது, பெட்டி வேறு பக்கம் போனது. நிறுத்திவிட்டு, பெட்டியின் சுருதிக்கு ஏற்றிப் பிடித்தார். முதல் வரி எப்படியோ நின்றது. இரண்டாவது வரியில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் பச்சை மூங்கிலைப் பிளந்தது போல இரண்டாகப் பிளந்தது. இன்னொரு தடவை முயன்றார். அதே இடத்தில் அதே மாதிரி பிளந்தது.

"கட்டையக் கொறைக்க ஏலாதுங்களா?" என்று கேட்டார். உள்ளே சத்தம் எழுப்புகிற உலோக நாக்குகள் அத்தனையையும் மாற்ற வேண்டும், அதற்குப் புதுப் பெட்டியே வாங்கலாம் என்றார் ஹாஜியார். அவர் குரலுக்கு அளவெடுத்தது போல இருந்த இரண்டு கட்டைப் பெட்டி அந்த நேரத்தில் மொனராகலையில் யானை விரட்டிக்கொண்டிருந்தது. கையிலிருந்த காசும் முடிந்துவிட்டது. நாலைந்து நாளில் மார்கழி. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து அந்த வரி கேட்டது. சிவகாமி குடையை மடக்கி வார் கட்டிக்கொண்டே, மலையில் கொழுந்து பறிக்கும்போது முணுமுணுக்கிறது போலத் தனக்குள் பாடிக்கொண்டிருந்தார். பெட்டியின் சுருதியிலேயே, அந்த மேலே ஏறுகிற இடத்தைப் படி ஏறுகிற மாதிரி சாதாரணமாக ஏறி இறங்கினார். ஹாஜியார் சத்தமில்லாமல் பெட்டியை எடுத்து ஒரு பட்டனை மட்டும் அமுக்கினார். இரண்டும் ஒன்றாக நின்றன. சிவகாமி திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். "அக்கா, நீங்களே முன்னால நின்னு பாடுங்களேன்" என்று நான் வாயை விட்டேன்.

பழனியாண்டி சிரித்தார், சந்தோஷச் சிரிப்பில்லை. "வெளக்குப் புடிக்கிறவங்க முன்னால வந்து பாடினா, அப்பறம் பஜனை எங்க போகும் தங்கச்சி?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாக்கின் நுனிவரை வந்ததை, முதலாளி பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன். பதில் சிவகாமியிடமிருந்து வந்தது. குடையைப் பார்த்துக்கொண்டே, சண்டை பிடிக்கிற குரலே இல்லாமல் சொன்னார்: "எங்க போகும்? மேல் லயத்துக்குத்தான் போகும். வேற பாதை ஏது?"

குளிரில் வாய் மூடிய பட்டன்

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. பழனியாண்டி. தொண்டை கட்டிப்போய், பேசுவது அவர்தானா என்று சந்தேகமாக இருந்தது. விடியற்காலைக் குளிரில் ஒரு பட்டன் சத்தம் போட மாட்டேன் என்கிறதாம். அடுப்புக்குப் பக்கத்தில், மேலே இல்லை, பக்கத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள் என்றேன். சரி என்றார். ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பிறகு மெதுவாக வந்தது கதை. முதல் நாள் அவரே கத்திப் பாடியிருக்கிறார். அடுத்த நாள் பாதி லயத்தில் தொண்டை போய்விட்டது. அதற்கடுத்த நாள் கோயிலடியில் எல்லோரும் கூடி நிற்கிறார்கள், இவர் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. கமிட்டி ஆட்கள் ஸ்பீக்கரையும் வயரையும் கொண்டுவந்து ஏணியைச் சுவரில் சாத்திவிட்டார்கள். இவர் பெட்டியை மட்டும் இழுத்து இழுத்து அமுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். பாட்டு பின்னாலிருந்து, விளக்குகளுக்கு நடுவிலிருந்து எழும்பியிருக்கிறது. "நான் பாடச் சொல்லல, தங்கச்சி. அதை மட்டும் வெளங்கிக்கங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் சொல்லவே இல்ல" என்று மறுபடி சொன்னார். டோலக் சேர்ந்துகொண்டது. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கதவைத் திறந்தவர்கள் அது யார் என்று பார்க்க வெளியே வந்து, அப்படியே கூட நடந்திருக்கிறார்கள்.

"அப்ப ஏணி?" என்றேன். "கொண்டு போயிட்டாங்க." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு முதலில் வந்த ஆளுக்கு அவர் கேட்காமலே விலையைக் குறைத்துக் கொடுத்து, ஹாஜியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபோனை வைக்கிறதற்கு முன்னால் பழனியாண்டி சொன்னது இதுதான்: "அவ சொன்ன மாதிரி மேல் லயத்துக்குத்தான் போச்சு, தங்கச்சி."

யானையின் ரசனை

தைப் பொங்கல் முடிந்த கையோடு மொனராகலைக்காரர் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். கொடுக்கிறதைக் கொடுத்தால் போதும், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு பட்டனும் கெடவில்லை. துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். ஏன், யானை ஓடவில்லையா என்று கேட்டேன். மனுஷர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மொத வாரம் ஓடுச்சு. ரெண்டாவது வாரம் தூர நின்னு கேட்டுச்சு. இப்ப நான் வாசிக்கலன்னா என்னைத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வருது."

இரண்டு கட்டையும் ஐந்து கட்டையும்

அதற்கடுத்த ஞாயிறு ஸ்பிரிங்வெளியிலிருந்து இருவரும் வந்தார்கள். சிவகாமி கையில் தூக்குச்சட்டி, அதில் எனக்கும் ஹாஜியாருக்கும் சர்க்கரைப் பொங்கல். சிவப்புப் பெட்டி பழனியாண்டி தோளில் தொங்கியது. பேச்சுவாக்கில், வருகிற மாசம் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் தங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். தங்களை என்று சொன்னாரே தவிர, யார் பாட என்று சொல்லவில்லை.

கறுப்புப் பெட்டி என் பின்னால் அலுமாரியில் இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஏற்ற சாமான் கடையில் இருக்கும்போது மறைத்து வைப்பது வியாபாரமில்லை, அது வேறு ஏதோ. எடுத்து முன்னால் வைத்தேன். "அண்ணே, யானை வெரட்டப் போன ஒங்க கட்டை திரும்பி வந்திருக்கு. செவப்பக் குடுத்துட்டு இதை எடுத்துக்கிட்டுப் போகலாம். மேல ஒண்ணும் தர வேணாம்னு ஹாஜியார் சொல்லிட்டாரு." சொல்லி முடித்த உடனே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. சிவகாமி தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். வாசலுக்கு வெளியே பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல நின்றுகொண்டார்.

பழனியாண்டி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. கறுப்புப் பெட்டியைத் தோளில் மாட்டி, கண்ணை மூடி அதே பாட்டைப் பாடினார். அப்போதுதான் நான் அவர் உண்மையான குரலைக் கேட்டேன். கனத்த, இதமான குரல். எங்கும் பிளக்கவில்லை. இரண்டாவது வரியில் அந்த மேலே ஏறுகிற இடத்தில் அவ்வளவு அழகாக நின்றது. ஹாஜியார் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். டீவியை நிறுத்தச் சொல்கிற நான், இன்னும் கொஞ்சம் பாட மாட்டாரா என்று நினைத்தேன். "நல்லாத்தான் இருக்கு. எடுங்க" என்றார் சிவகாமி, திரும்பிப் பார்க்காமலே.

பழனியாண்டி பெட்டியைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் விரல் பட்ட பட்டன்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, சிவப்பை எடுத்து மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார். "இது யானைக்கே இருக்கட்டும் தங்கச்சி. இவளுக்கு இந்தச் செவப்பே பத்தலயாம், இன்னும் ஒரு கட்டை ஏத்தமா ஏதும் வந்தா மட்டும் சொல்லி அனுப்புங்க."

மலிவாக ஒரு பட்டன் பெட்டி வேண்டும் என்று இப்போது யார் வந்தாலும் விலையைச் சொல்வதற்கு முன்னால் "ஒங்க வீட்டுல பாடப்போறது யாரு?" என்று கேட்கிறேன், பாதிப் பேர் யோசித்துவிட்டு வருகிறோம் என்று போய்விடுவதால், கடைக்கு என்னால் நஷ்டம் என்று ஹாஜியார் சொல்வதை மறுப்பதற்கில்லை.